பொது டெஸ்ட் சர்வரை டெவலப்பர்கள் திணறடிக்கிறார்கள்: சூடோவைப் பிடுங்கினால் தீருமா?

கேள்வி

எங்கள் ஆபீஸில் ஒரே ஒரு டெஸ்ட் சர்வர். முப்பது பேர் அதில் வேலை பார்க்கிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் பில்டு போட்டதும் சர்வர் படுத்துவிடுகிறது. நான் எடுத்திருக்கும் முடிவு இதுதான்: எல்லாரிடமிருந்தும் சூடோவை (ரூட், அதாவது நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் அனுமதியை) பிடுங்குவது, மீறுகிறவர் பெயரை மேனேஜருக்கு அனுப்புவது. டெவலப்பர்களுக்கு அடுத்தவன் என்று ஒருத்தன் இருக்கிற நினைப்பே கிடையாது. மறுக்க ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 11, காலை

நிறைய இருக்கிறது. முதலில், மெமரியைத் தின்பதற்கு சூடோ எதற்கு? சாதாரண யூசர் ஒருத்தர் ஒரு ஜாவாவைக் கிளப்பினால் போதும். சூடோவைப் பிடுங்கினால் பேக்கேஜ் போட்டுத் தரச் சொல்லி உங்களுக்கு டிக்கெட் குவியும், சர்வர் அப்போதும் படுக்கும்.

சென்னையில் ஒரு நடுத்தரக் கம்பெனியில் இதே மாதிரி ஒரு பெட்டியைத்தான் நான் பார்த்துக்கொள்கிறேன். 32 கோர், 128 ஜிபி மெமரி, இருபது பேர் சொச்சம். நானும் ஆரம்பத்தில் உங்களைப் போலத்தான் கடுப்பில் இருந்தேன். அப்புறம் ஒவ்வொரு முறை படுத்தபோதும் யார் என்ன ஓட்டினார்கள் என்று குறித்துவைத்துப் பார்த்ததில், திட்டுவதற்கு ஆள் அதிகம் கிடைக்கவில்லை.

ஹீப் (ஜாவா புரோகிராம் தன் தரவை வைக்கும் மெமரி) அளவு சொல்லாமல் ஜாவாவை ஓட்டினால், மொத்த மெமரியில் கால் பங்கு வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அதுவே முடிவுசெய்துகொள்கிறது. 16 ஜிபி லேப்டாப்பில் 4 ஜிபியோடு அடங்கிக் கிடந்த சர்வீஸ், 128 ஜிபி பெட்டிக்கு வந்ததும் 32 வரை கை நீட்டும். ஐந்து பேர் ஆளுக்கு ஒன்று ஓட்டினால் முடிந்தது கதை. பில்டு போடும் மேக் கட்டளையில் மைனஸ் ஜே போட்டு எண் போடாமல் விட்டால் வரம்பே கிடையாது. செய்ய முடிகிற வேலை எத்தனையோ அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும். நின்ஜா என்ற இன்னொரு பில்டு கருவி, கோர்களை எண்ணி அதோடு இரண்டைக் கூட்டிக்கொள்ளும். டெஸ்ட் ஓட்டும் பைடெஸ்ட்டில் வொர்க்கர் எண்ணிக்கைக்கு 'ஆட்டோ' என்று கொடுத்தால் அதுவும் கோர்களைத்தான் எண்ணும். பக்கத்தில் இன்னும் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இவற்றில் எதற்கும் தெரியாது. பெட்டி மொத்தமும் தனக்கே என்றுதான் ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கிறது. டெவலப்பர் செய்தது, லேப்டாப்பில் அடித்த அதே கட்டளையை இங்கேயும் அடித்தது மட்டுமே.

ஆகவே மெயில் போட்டுப் பயனில்லை. வரம்பு கெர்னலில், அதாவது லினக்ஸின் உட்கருவில், இருக்க வேண்டும். எப்படி என்று அப்புறம் எழுதுகிறேன், இப்போது ஒரு டிக்கெட் கத்துகிறது.

பிப்ரவரி 11, இரவு

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: "லோடு ஆவரேஜ் 90 காட்டுகிறது, சிபியூ பத்து சதவீதம்கூட இல்லை. டாப் பொய் சொல்கிறதா?"

பொய் சொல்லவில்லை. லினக்ஸில் லோடு ஆவரேஜ் என்பது சிபியூவுக்குக் காத்திருப்பவர்களின் எண்ணிக்கை மட்டும் இல்லை. டிஸ்க்குக்காக அசைய முடியாமல் நிற்கும் பிராசஸ்களையும், அதாவது டாப் கட்டளையின் பட்டியலில் 'டி' என்று காட்டுமே அவற்றையும், 1993 முதல் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். லோடு 90, சிபியூ சும்மா என்றால் கிட்டத்தட்ட எப்போதும் டிஸ்க்தான், இல்லாவிட்டால் தொங்கிப்போன என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி டிஸ்க்).

எங்களுக்கு இது ஒரு ரிலீஸ் நாளில் நடந்தது. எஸ்எஸ்ஹெச் பாஸ்வேர்டு வரை வருகிறது, அதற்கு மேல் கர்சர் துடித்துக்கொண்டே நிற்கிறது. ஒருவழியாக உள்ளே போய்ப் பார்த்தால் ஐஓ வெயிட் (டிஸ்க்குக்காகச் சிபியூ சும்மா காத்திருக்கும் நேரம்) எழுபது சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. ஒரு தம்பி, பெரிய டேட்டாபேஸ் டம்ப் ஒன்றை மூன்று ஸ்கீமாக்களில் ஒரே நேரத்தில் ரீஸ்டோர் செய்துகொண்டிருக்கிறார். "அண்ணா, ஒண்ணு ஒண்ணா போட்டா லேட் ஆகும்னு மூணு டெர்மினல்ல போட்டேன்" என்றார். மூன்றாகப் பிரித்ததால் அவருக்கும் தாமதம்தான், டிஸ்க் ஒன்றுதானே.

கெர்னல் 4.20 அல்லது அதற்கு மேல் இருந்தால் லோடு ஆவரேஜைப் பார்ப்பதை விட்டுவிட்டு பிரஷர் எண்களைப் பாருங்கள். சிபியூ, மெமரி, ஐஓ மூன்றுக்கும் தனித்தனியாக, கடந்த 10, 60, 300 விநாடிகளில் எத்தனை சதவீத நேரம் வேலை தடைப்பட்டு நின்றது என்று சொல்லிவிடும். என் அலாரம் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டேன். வெறும் பில்டுக்கு அடிக்கிற பொய் அலாரம் நின்றது.

பிப்ரவரி 13

சரி, வரம்பு.

சிஸ்டம்டி (சேவைகளையும் லாகின்களையும் நிர்வகிப்பது) ஓடுகிற எந்த லினக்ஸிலும் உள்ளே வரும் ஒவ்வொரு யூசருக்கும் தனி ஸ்லைஸ், அதாவது அவருடைய பிராசஸ் எல்லாம் அடங்கும் ஒரு குழு, தானாகவே உருவாகிறது. யூசர் ஸ்லைஸ் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு சின்னக் கோப்பு எழுதினால் போதும், ஆளுக்கு ஒன்று வேண்டாம். நான் வைத்திருப்பது: மெமரிஹை (தாண்டினால் வேகம் குறையும்) 10 ஜிபி, மெமரிமேக்ஸ் (தாண்ட முடியாத கூரை) 12 ஜிபி, சிபியூவெயிட் (சிபியூவில் பங்கு) எல்லாருக்கும் சமம்.

12 ஜிபியை இருபதால் பெருக்கினால் 240 வருகிறது, பெட்டியில் 128-தானே என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: தெரிந்துதான் வைத்தேன். இருபது பேரும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை. போனாலும் ஒரே ஆள் பெட்டியை விழுங்குவது நின்றுவிட்டது, நமக்கு அதுதான் வேண்டியது.

சிபியூவுக்கு ஏன் கோட்டா வைக்காமல் வெயிட் வைத்தேன் என்றால், கோட்டா என்பது கண்டிப்பான கூரை. இரவு பத்து மணிக்கு ஒரே ஒரு ஆள் பில்டு போட்டு, மீதி இருபத்தெட்டு கோர் சும்மா கிடந்தாலும், கோட்டா நான்கு என்றால் அவருக்கு நான்குதான். வெயிட் அப்படி இல்லை. போட்டி வரும்போது மட்டும் பங்கு பிரிக்கும், ஆள் இல்லாதபோது இருப்பவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். மெமரியில் அந்தத் தாராளம் செல்லாது. சிபியூவை ஒருவரிடமிருந்து அடுத்த மில்லிவிநாடியே எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியும். ஜாவா எழுதிவைத்துவிட்ட மெமரியைத் திரும்ப வாங்க வேண்டுமானால் டிஸ்க்கில் இருக்கும் ஸ்வாப்புக்குத் தள்ள வேண்டும், அல்லது கொல்ல வேண்டும். அதனால் மெமரிக்குக் கூரை, சிபியூவுக்குப் பங்கு.

இந்த வரம்புகளுக்கு அடியில் இருக்கும் சி-குரூப் என்ற கெர்னல் வசதி ஒன்றும் நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. கூகுளில் இருந்த பொறியாளர்கள் 2006-இல் தொடங்கியது, 2008 ஜனவரியில் 2.6.24 கெர்னலோடு எல்லாருக்கும் வந்தது. இப்போதைய இரண்டாம் பதிப்பு 2016-இல் 4.5-இல் வந்தது. அதற்கு முன்னால் யூலிமிட்டை வைத்து ஓட்டினோம். அது பிராசஸ் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு, ஆளுக்கு இல்லை. ஒருத்தர் நாற்பது பிராசஸ் கிளப்பினால் நாற்பதுக்கும் தனித்தனி அனுமதி. போதாததற்கு ஜாவா பயன்படுத்தாத முகவரி இடத்தையும் பெரிதாக வளைத்துப்போடுவதால் விர்ச்சுவல் மெமரி வரம்பு வைத்தால் கிளம்பவே கிளம்பாது.

பிப்ரவரி 14

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஸ்வாப் வரம்பு. மெமரிமேக்ஸ் என்பது ரேமுக்கு மட்டும். 12 ஜிபி தொட்டதும் மீதி ஸ்வாப்புக்கு ஓடும், டிஸ்க் கதறும், எல்லாருக்கும் மெதுவாகும். மெமரிஸ்வாப்மேக்ஸ் என்று தனியாக இருக்கிறது. 1 ஜிபி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 17

"ஓஓஎம் கில்லர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று ஒரு கேள்வி.

அது பார்த்துக்கொள்ளும் லட்சணத்தைச் சொல்கிறேன். மெமரி தீர்ந்ததும் ஒரு பிராசஸைக் கொன்று இடம் பிடிக்கக் கெர்னல் தேடுவது குற்றவாளியை அல்ல, பெரிய ஆளை. கொன்றால் அதிக மெமரி யாரிடமிருந்து கிடைக்கும் என்றுதான் கணக்கு. ஒருத்தர் ஒவ்வொன்றும் 2 ஜிபியாகப் பத்து நோட் (நோட்.ஜேஎஸ்) பிராசஸ் ஓட்டிப் பெட்டியை நிரப்புகிறார். பக்கத்தில் எல்லாருக்கும் பொதுவான போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், பெரிய கேஷோடு உட்கார்ந்திருக்கிறது. கத்தி யார் கழுத்தில் விழும்? போஸ்ட்கிரஸின் ஒரு பிராசஸ் செத்தால்கூடப் போதும், ஷேர்டு மெமரி கெட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில் அது மீதி எல்லா கனெக்‌ஷனையும் வெட்டிவிட்டு ரிக்கவரிக்குப் போகும். இருபது பேருடைய டெஸ்ட்டும் ஒரே நொடியில் சிவப்பு. பத்து நோட் வைத்திருந்தவரின் பில்டு மட்டும் பச்சை!

பொது சேவைகளுக்கு ஓஓஎம் ஸ்கோரை இறக்கிவையுங்கள். மைனஸ் 1000 வைத்தால் தொடவே தொடாது. போஸ்ட்கிரஸின் தாய்ப் பிராசஸுக்கு மைனஸ் 1000, குழந்தைகளுக்கு மறுபடி சுழியம் என்று வைக்க வழி இருக்கிறது, அவர்களுடைய ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஸ்லைஸ் வரம்பு வைத்த பிறகு இந்தக் கத்தி வீச்சு தின்றவருடைய ஸ்லைஸுக்குள்ளேயே நடந்து முடிகிறது.

பிப்ரவரி 24

வரம்பு வைத்துக் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தது. அப்புறம் ஒரு மதியம் பழையபடி திணறல். ஆளாளுக்கு ஸ்லைஸைப் பார்த்தால் எல்லாரும் 3 ஜிபி, 4 ஜிபி என்று சமர்த்தாக இருக்கிறார்கள். மெமரி மட்டும் காணோம்.

டாக்கர். புரோகிராமைக் கண்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும் கருவி அது. டாக்கர் ரன் அடிக்கிறவர் கண்டெய்னரைத் தானே கிளப்புவதில்லை. ரூட்டாக ஓடும் டாக்கர் டீமனிடம் (பின்னணியில் எப்போதும் ஓடும் சேவை) சொல்கிறார், அது கிளப்புகிறது. ஆகவே கண்டெய்னர் போய் உட்காருவது சிஸ்டம் ஸ்லைஸில், அவருடைய ஸ்லைஸில் அல்ல. என் 12 ஜிபி கூரைக்கு வெளியே ஒரு மைதானமே இருந்திருக்கிறது. கண்டெய்னருக்கு மெமரி வரம்பு நாமாகக் கொடுக்காவிட்டால் இயல்பாக எதுவும் கிடையாது. ஒருத்தர் கண்டுபிடித்து, பக்கத்து சீட்டுக்குச் சொல்லி, அது டீம் முழுக்கப் பரவியிருக்கிறது. கேட்டால், "பில்டை டாக்கர்ல போட்டா கில் ஆகாதுண்ணா, எல்லாருக்கும் தெரியுமே" என்றார்கள். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவருக்கு: சூடோவைப் பிடுங்கிவிட்டு டாக்கர் குழுவில் ஆளை விட்டுவைத்தால் பிடுங்கியதே வீண். ரூட் டைரக்டரியை கண்டெய்னருக்குள் மவுன்ட் செய்தால் அவர் ரூட்தான்.

இரண்டு வழி இருக்கிறது. டாக்கர் டீமன் அமைப்பில் சி-குரூப் பேரன்ட் கொடுத்து, கண்டெய்னர் எல்லாவற்றையும் ஒரு ஸ்லைஸில் தள்ளி, மொத்தமாக ஒரு கூரை வைக்கலாம். பெட்டி பிழைக்கும், ஆனால் உள்ளுக்குள் ஒருவரை ஒருவர் மிதிப்பார்கள். இன்னொன்று, டாக்கருக்கு மாற்றான, ரூட் இல்லாமல் ஓடும் பாட்மேன். அதில் டீமன் கிடையாது, கண்டெய்னர் கிளப்பியவரின் ஸ்லைஸிலேயே இருக்கும், வரம்பு தானாகப் பிடிக்கும். முதல் வழியை அன்றே போட்டேன், மெதுவாக இரண்டாவதற்கு நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 25

பாட்மேனுக்கு மாறுகிறவர்கள் லிங்கர் என்ற ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் ஆள் லாக்அவுட் ஆனதும் அவருடைய கண்டெய்னரும் போய்விடும். "நைட்டு ஓட விட்டுட்டுப் போனேன், காலைல காணோம்" என்று மூன்று பேர் வந்து நின்றார்கள்.

இதைச் சொல்லும்போது 2016 ஞாபகம் வருகிறது. சிஸ்டம்டி 230-இல், லாக்அவுட் ஆனால் யூசரின் எல்லா பிராசஸையும் கொல்வதை இயல்பாக ஆக்கிவிட்டார்கள். லாக்அவுட் ஆன பிறகும் வேலை ஓட டிமக்ஸ், ஸ்கிரீன் கருவிகளை நம்பியிருந்த ஆட்கள் ஊரைக் கூட்டிவிட்டார்கள், டெபியன் லினக்ஸ் அதை அணைத்துவைத்தது. நானும் அன்று டிமக்ஸ் கட்சிதான். பொது சர்வர் ஒன்றைக் கட்டி மேய்த்த பிறகு சொல்கிறேன், போன வருஷம் வேலையை விட்டுப் போனவரின் டிமக்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அந்தப் பக்க நியாயமும் புரிகிறது.

மார்ச் 5

மேனேஜருக்குப் பெயர் அனுப்புவது பற்றி.

எங்கள் மேலிடத்திலும் ஒருவருக்கு இதே யோசனை வந்தது. பேன்ட்ரி பக்கத்து டிவியில், "இன்று அதிகம் பயன்படுத்தியவர்கள்" என்று பத்துப் பெயர். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. முதல் நாள் சிரிப்பு. இரண்டாம் நாள் ஒரு புதுப் பெண், டிரெய்னிங் முடிந்து வந்த மாதம், முதலிடத்தில். அவர் ஓட்டியது டீம் லீடு கொடுத்த ஸ்கிரிப்ட். முகம் செத்துப்போய் என் சீட்டுக்கு வந்து, "சார், நான் எதை நிறுத்தணும்?" என்று கேட்டார். எதையும் நிறுத்த வேண்டாம்மா, போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பினேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பட்டியலில் மனிதப் பெயர்கள் குறைந்துகொண்டே வந்தன, "டெஸ்ட்யூசர்" என்ற பொது அக்கவுன்ட் மேலே ஏறிக்கொண்டே போனது. அதன் பாஸ்வேர்டு ஒயிட்போர்டில் எழுதியிருந்தது. ஆளுக்கு ஒரு வரம்பு என்று நான் கட்டியது எல்லாம் இருபது பேர் ஒரே ஆளாக மாறினால் என்ன ஆகும்? அந்த ஒரே 12 ஜிபிக்குள் எல்லாரும் அடித்துக்கொண்டார்கள், ஒருத்தர் பில்டு இன்னொருத்தர் பில்டைக் கொன்றது. டிவி பட்டியல் சத்தமில்லாமல் இறங்கியது. பொது அக்கவுன்ட்டையும் மூடினேன்.

பதிலுக்கு வைத்தது சின்ன விஷயம். உள்ளே வரும்போது அவரவருக்கு மட்டும் ஒரு வரி தெரியும்: "உங்கள் பயன்பாடு 9.1 ஜிபி / 12. பெரியது: ஜாவா, நேற்று மாலை 6.40 முதல்." பாதிப் பேர் அதைப் பார்த்ததும், "அட, இது இன்னும் ஓடுதா" என்று தாங்களே கொன்றுவிடுகிறார்கள். மறந்துபோன பிராசஸ்தான் பெரிய தீனி, பேராசை இல்லை.

மார்ச் 6

"ஆளுக்கு ஒரு கிளவுட் மெஷின் கொடுத்துவிட்டால் இந்தப் பஞ்சாயத்தே இல்லையே" என்கிறார் ஒருவர். காசு இருந்தால் கொடுங்கள், இரவில் தானாக அணைகிற மாதிரி வைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் மாத பில் வரும்போது பஞ்சாயத்து ஃபைனான்ஸோடு. எங்களுக்கு டேட்டாபேஸ் பெரிது, அதை இருபது பிரதி எடுக்க வழியில்லை. கணக்கு அதில்தான் இடிக்கிறது.

லோடு டெஸ்ட் மட்டும் விதிவிலக்கு. பொதுப் பெட்டியில் லோடு டெஸ்ட் போட்டால் மற்றவர்களுக்கு வேலை நிற்கும், போட்டவருக்கும் வருகிற எண் குப்பை. எங்களிடம் அதற்குத் தனிப் பெட்டி, முன்பதிவு செய்து வாங்க வேண்டும்.

மார்ச் 12

டிஸ்க் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் என் டிக்கெட்டில் பாதி அதுதான்.

டாக்கர் இயல்பாக வைத்திருக்கும் ஜேசன் லாக் முறையில் சுழற்சி (பழைய லாகை நீக்கி அளவை அடக்குவது) கிடையாது. டிபக் லெவலில் ஒரு கண்டெய்னரை வெள்ளிக்கிழமை விட்டுப் போனால் திங்கட்கிழமை டிஸ்க் நிரம்பி நிற்கும். டீமன் அமைப்பில் லாக் அளவும் எண்ணிக்கையும் கொடுங்கள். பழைய கண்டெய்னருக்கு அது செல்லாது, புதிதாக உருவாக்கினால்தான்.

அடுத்தது நித்திய காட்சி. "அண்ணா, 60 ஜிபி லாகை டெலீட் பண்ணிட்டேன், இன்னும் 100%-னே காட்டுது." டிஸ்க்கில் மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் நிரம்பியது என்கிறது, கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ இடம் இருக்கிறது என்கிறது. கோப்பின் பெயர் போய்விட்டது, ஆனால் அதைத் திறந்து வைத்திருக்கும் பிராசஸ் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. அது மூடும்வரை இடம் திரும்பாது. திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப்பில் பிளஸ் எல் 1 போட்டால் அழிந்தும் திறந்திருக்கும் கோப்புகள் மட்டும் வரும். அந்த பிராசஸை ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது. அடுத்த முறை அழிக்காமல் ட்ரங்கேட் செய்ய, அதாவது உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்ய, சொல்லுங்கள்.

இடம் இருந்தும் இடமில்லை என்று சொன்னால் ஐனோடு, அதாவது கோப்பு ஒவ்வொன்றுக்கும் வேண்டிய பதிவு, தீர்ந்திருக்கும். நோட்.ஜேஎஸ் லைப்ரரிகள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் டைரக்டரி என்ற புண்ணியவான், ஒரு பிராஜெக்ட்டுக்குப் பல்லாயிரம் குட்டிக் கோப்பு. ஈஎக்ஸ்டி4 இயல்பாக 16 கேபிக்கு ஒரு ஐனோடு என்று ஃபார்மட் செய்யும்போதே எண்ணி வைத்துவிடுகிறது, டிஸ்க் இடத்தைப் பெரிதாக்காமல் பின்னால் கூட்ட முடியாது. ஹோம் டைரக்டரிக்கு எக்ஸ்எஃப்எஸ் போட்டு, கோட்டாவும் வைத்துவிட்டேன்.

மார்ச் 12, பிற்பாடு

குறித்த நேரத்துக்கு வேலையைத் தானாக ஓட்டும் கிரான் விஷயத்தை விட்டுவிட்டேன். எல்லாரும் நள்ளிரவு 12.00-க்கு வைப்பார்கள். சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால் அது நமக்குக் காலை 5.30, உங்கள் பேக்கப்பும் அப்போதுதான் ஓடும். சிஸ்டம்டி டைமரில் ரேண்டம் தாமதம் கொடுக்கலாம். கிரானையே பிடித்துத் தொங்குகிறவர்களுக்கு எஃப்லாக் சொல்லிக்கொடுங்கள், முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது கிளம்பாது.

மார்ச் 20

மெமரி, சிபியூ, டிஸ்க் எல்லாம் காலியாக இருந்தும் சர்வர் 'தொங்குகிறது' என்று புகார் வந்தால் டேட்டாபேஸைப் பாருங்கள்.

போஸ்ட்கிரஸில் இயல்பான கனெக்‌ஷன் வரம்பு 100. அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கீடு, மீதி 97. ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டோடு வரும் ஹிக்காரி பூல் சும்மா இருந்தாலும் 10 கனெக்‌ஷன் திறந்து வைத்திருக்கும். ஒரே டெவலப்பர் பத்து மைக்ரோசர்வீஸைக் கிளப்பினால் 97 தீர்ந்தது, அவருடைய பத்தாவது சர்வீஸுக்கே ஏழுதான் மிஞ்சும். வரம்பை 1000 ஆக்கு என்று வருவார்கள். ஆக்காதீர்கள், கனெக்‌ஷன் ஒவ்வொன்றும் ஒரு பிராசஸ். ரோல் (டேட்டாபேஸ் யூசர்) ஒவ்வொன்றுக்கும் கனெக்‌ஷன் லிமிட் வையுங்கள், டெஸ்ட்டுக்குப் பூல் அளவு 2 போதும் என்று புரியவையுங்கள்.

அதைவிட மோசம் பிரேக்பாயின்ட், அதாவது புரோகிராமை நடுவில் நிறுத்திவைக்கும் புள்ளி. ஒரு அண்ணன் டிரான்சாக்‌ஷன் நடுவில் பிரேக்பாயின்ட் வைத்துவிட்டு, புரோகிராமை அங்கேயே நிற்கவிட்டுச் சாப்பிடப் போனார். அவருடைய கனெக்‌ஷன் ஒரு டேபிளைப் படித்தபடி நிற்கிறது. வேறு ஒருவரின் மைக்ரேஷன் அதே டேபிளில் ஆல்டர் (அமைப்பை மாற்றும் கட்டளை) கேட்டு அவருக்குப் பின்னால் நிற்கிறது. இதற்கப்புறம் அந்த டேபிளைச் சும்மா படிக்க வந்தவர்களும் ஆல்டருக்குப் பின்னால் வரிசையில். கேன்டீனில் ஒருத்தர் சாம்பார் சாதத்தோடு, இங்கே மொத்த டீமும் உறைந்துபோய். போஸ்ட்கிரஸ் 9.6 முதல், டிரான்சாக்‌ஷனில் சும்மா நிற்கும் செஷனை வெட்ட டைம்அவுட் இருக்கிறது. பத்து நிமிடம் வைத்தேன். டிபக் அறுந்துபோகிறது என்று அவர் புகார் செய்தார். சாப்பிடப் போகும்போது ரிஸ்யூம் அழுத்திவிட்டுப் போங்கள் என்றேன்.

ஏப்ரல் 2

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். வரம்பு வைத்தாராம், பெட்டி படுப்பதில்லை, ஆனால் பில்டு 137 என்று சொல்லிச் சாகிறது, டீம் லீடு "சர்வர் சரியில்லை" என்று மேலே எழுதிவிட்டார்.

137 என்பது 128 கூட்டல் 9. சிக்னல் 9 வாங்கிச் செத்திருக்கிறது. புரோகிராமில் கோளாறா, வரம்பில் இடித்ததா என்று டெவலப்பருக்கு அந்த எண்ணிலிருந்து தெரியாது, அவர் அரை நாள் தன் புரோகிராமைத் தோண்டுவார். யூசர் ஸ்லைஸின் மெமரி ஈவென்ட்ஸ் கோப்பில் ஓஓஎம் கில் எண்ணிக்கை இருக்கிறது. அது ஏறினால் அவருக்கே சாட்டில் தகவல் போகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்கள்: எது செத்தது, வரம்பு எவ்வளவு, ஹீப்பை எப்படிக் குறைப்பது, கூடுதல் வேண்டுமானால் யாரைக் கேட்பது. இதைச் செய்யாமல் வரம்பு மட்டும் வைத்தால் லீடு எழுதியதில் தப்பே இல்லை. கேட்டால் கொடுங்கள். ஒரு டீமுக்கு உண்மையிலேயே 20 ஜிபி தேவைப்பட்டது, இரண்டு வாரத்துக்கு ஏற்றிக் கொடுத்தேன், முடிந்ததும் அவர்களே இறக்கச் சொன்னார்கள்.

லீடுக்கும் ஆர்க்கிடெக்ட்டுக்கும் வரம்பிலிருந்து விலக்கு கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். வேண்டாம். எங்கள் பெட்டியில் நிரந்தரமாக முதலிடத்தில் இருப்பது ஆர்க்கிடெக்ட்தான். விஷுவல் ஸ்டூடியோ கோடை ரிமோட்டில் ஆறு விண்டோவாகத் திறந்து வைத்திருப்பார், ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம் லாங்குவேஜ் சர்வர், ஃபைல் வாட்சர், எக்ஸ்டென்ஷன் பட்டாளம். 12 ஜிபி போதவில்லை என்று டிக்கெட் போட்டிருக்கிறார். நான்கு விண்டோவை மூடிப் பாருங்கள் சார் என்று பதில் எழுதியிருக்கிறேன், டிக்கெட் இன்னும் திறந்தே இருக்கிறது.